மூன்றாவது லாச்சி

தெல்தோட்டைப் பக்கத்து லயக் காம்பரா ஒன்றின் சிமெந்துத் தரையில் கோலிக்குண்டு ஒன்றை வைத்துப் பாருங்கள். வைத்த இடத்தில் நிற்காது. மெல்ல உருளத் தொடங்கி, கதவு நிலையைத் தாண்டி, இஸ்தோப்பைக் கடந்து, வாசல் கானில் போய் விழும். தரையைக் கழுவிவிட்டால் தண்ணீர் தானாக வெளியே வடியவேண்டும் என்று மேசன் பாஸ் தெரிந்தே விட்ட சரிவு அது. சில வீடுகளில் மலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். குடியிருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை, கால் பழகிவிட்டது. ஆனால் அந்தச் சரிவில்தான் அலுமாரியும் நிற்கிறது. கதவைப் பார்த்தபடி, உள்சுவரை ஒட்டி, கோலிக்குண்டு ஓடிய அதே பக்கத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அதே காம்பராவில் இரண்டு வயதுப் பிள்ளையும் இருக்கிறது. அலுமாரி, பிள்ளை, சரிவு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது எனக்குப் பல நாளாக உறுத்தலாக இருக்கிறது. அடுப்பு நெருப்பு, மண்ணெண்ணெய்ப் போத்தல், கிணறு, பாம்பு என்று பிள்ளைக்கு ஆபத்தானவற்றை நம் தாய்மார் வரிசையாகச் சொல்வார்கள். அந்த வரிசையில் அலுமாரியைச் சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தேயிலைத் தோட்டங்களின் கதை நம் ஊருக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர, தெல்தோட்டையிலிருந்து மலையேறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தோட்டங்களோடு வந்த லயங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி காம்பராவும் ஓர் இஸ்தோப்பும். இன்றும் ஏராளமானோர் அதில்தான் இருக்கிறார்கள். தரையில் இடமில்லாத வீட்டில் சாமான்கள் மேல்நோக்கித்தான் வளரும். கலியாணத்துக்கு வந்த அலுமாரி, அதன் தலையில் இரண்டு சூட்கேஸ், அதற்கும் மேலே கம்பளி மூட்டை. தவணைக்கு எடுத்த டீவி லாச்சி மேசையின் மேல். பிள்ளை எடுத்துவிடக் கூடாது என்று பிஸ்கட் டின், ரிமோட், போன் சார்ஜர் எல்லாம் எட்டாத உயரத்தில். ஏறி எடுக்கவேண்டும் என்ற ஆசையைப் பிள்ளைக்கு ஊட்டுவதே அந்த உயரம்தான்.

அலுமாரி ஏன் விழுகிறது என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. சந்தையில் தராசு பார்த்தவர்களுக்குப் புரியும். அலுமாரியின் முன்விளிம்பு, தரையைத் தொடுகிற அந்தக் கோடு, தராசுத் தண்டு ஊசலாடும் அச்சு மாதிரி. அதற்குப் பின்னால் இருக்கும் எடை எல்லாம் அலுமாரியைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். முன்னால் நீட்டிக்கொண்டு வரும் எடை எல்லாம் அதைக் கவிழ்க்கப் பார்க்கும். எவ்வளவு எடை என்பது பாதி விஷயம், விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மீதிப் பாதி. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் கணக்கு.

கணக்கைப் போட்டே பார்ப்போம். நம் பக்கத்துப் பட்டறையில் அல்பீசியாப் பலகையில் செய்த, நெஞ்சளவு உயரமான, நான்கு லாச்சி வைத்த அலுமாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கூடு மட்டும் 20 கிலோ. துணி நிரப்பிய லாச்சி ஒவ்வொன்றும் 5 கிலோ. மொத்தம் 40 கிலோ. ஆழம் 44 சென்ரிமீற்றர். எல்லா லாச்சியும் மூடியிருக்கும்போது எடையின் நடுப்புள்ளி முன்விளிம்பிலிருந்து 22 சென்ரிமீற்றர் உள்ளே இருக்கும். 40ஐ 22ஆல் பெருக்கினால் 880. இதை அலுமாரியின் பிடிமானம் என்று சொல்லிக்கொள்வோம்.

இப்போது ஒரு லாச்சியை 30 சென்ரிமீற்றர் வெளியே இழுக்கிறோம். 5 கிலோ, 30 சென்ரிமீற்றர்: பிடிமானத்தில் 150 குறைகிறது. மிச்சம் 730. இரண்டாவதையும் இழுத்தால் 580. மூன்றாவதுக்கு 430. நான்கும் திறந்தால் 280. அப்போதும் அலுமாரி அசையாமல் நிற்கிறது. "எல்லாத்தையும் திறந்து பாத்தோம், கல்லு மாதிரி நிக்குது" என்று அப்பா சொல்வது இதைப் பார்த்துத்தான். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடிமானம் போய்விட்டதை வெளியே காட்டிக்கொள்ள அலுமாரிக்கு வழியில்லை.

பிள்ளை ஏறுகிறது. இரண்டு வயது, 12 கிலோ. அதற்கு லாச்சிகள் படிக்கட்டு. கீழிருந்து ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு மிதித்து ஏறும். விளிம்புக்கு 25 சென்ரிமீற்றர் வெளியே அது நிற்கிறது என்றால் கவிழ்க்கும் பக்கத்தில் 300 சேருகிறது. நான்கும் திறந்திருந்தால் 280 எதிர் 300. முடிந்தது.

உண்மையில் அதற்கும் முன்பே முடிந்துவிடும். ஏறுகிற பிள்ளை சும்மா நிற்கிற மூட்டை அல்ல. கையால் பலகையைத் தன்பக்கம் இழுக்கும், காலால் உந்தும், இடுப்பை வெளியே தள்ளும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளைப் பாதுகாப்பான சட்டங்களில் ஏறவைத்து, கையிலும் காலிலும் எழும் விசைகளை அளந்தார்கள். ஏறும் கணத்தில் பிள்ளை தன் எடையைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு எடை அங்கே தொங்குவதற்குச் சமமான வேலையைச் செய்கிறது என்று கண்டார்கள். நம் 12 கிலோப் பிள்ளை, அலுமாரியின் கணக்கில் 19 கிலோ. 25ஆல் பெருக்கினால் 475. இரண்டு லாச்சி திறந்திருக்கும்போது பிடிமானம் 580, நிற்கும். மூன்றாவதில் 430. விழும்.

நேற்று ஏறியபோது விழாத அலுமாரி இன்று விழுவதன் காரணம் இந்த இடைவெளிதான். நேற்று இரண்டு லாச்சி, இன்று மூன்று.

இனி, கோலிக்குண்டு ஓடிய சரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 40க்கு 1 என்ற சரிவில், 55 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும் எடையின் நடுப்புள்ளி ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே முன்னால் நகர்கிறது. ஒரு விரற்கடை கூட இல்லை. ஆனால் 40 கிலோவும் அந்த அளவு நகர்வதால் 55 குறைந்துவிடும். இரண்டு லாச்சி திறந்த அலுமாரியின் 580 இப்போது 525; பிள்ளையின் 475ஐ விட 50 மட்டுமே கூட. இன்னொன்றும் உண்டு. ரோலர் தண்டவாளத்தில் ஓடும் லாச்சிகள் சரிவில் தானாகவே வழுக்கித் திறந்துகொள்ளவும் கூடும். பிள்ளை இழுக்கவேண்டிய மூன்றாவது லாச்சியை வீடே இழுத்துக் கொடுக்கிறது.

மேலே அடுக்கிய சூட்கேஸைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அது பின்பக்கமாக வைக்கப்பட்டிருந்தால், அலுமாரி நேராக நிற்கும்வரை பிடிமானத்தைக் கூட்டவே செய்யும். கணக்கு அப்படித்தான். ஆனால் உயரத்தில் எடை ஏற ஏற, அலுமாரி எவ்வளவு சாய்ந்தபின் திரும்பி நிற்க முடியும் என்ற எல்லை சுருங்குகிறது. எடையின் நடுப்புள்ளி 55 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 22 பாகை சாயும்வரை திரும்பி வர வாய்ப்புண்டு. அதே புள்ளி 90க்கு ஏறினால் 14 பாகையிலேயே கவிழ்ந்துவிடும். விழும்போது சூட்கேஸ்தான் அதிக உயரத்திலிருந்து, அதிக வேகத்தில் வந்து சேரும்.

அமெரிக்காவில் இப்படிக் கவிழ்ந்து நேரும் மரணங்களை எண்ணத் தொடங்கி நெடுநாளாகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து இருபது ஆண்டுகளில், தளபாடமோ டீவியோ கவிழ்ந்து 400க்கும் அதிகமான பிள்ளைகள் இறந்ததாக அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு பதிவு செய்திருக்கிறது. 2016 ஜூனில் ஐகியா நிறுவனம் மால்ம் உள்ளிட்ட தன் லாச்சி அலுமாரிகளில் 2 கோடியே 90 இலட்சத்தைத் திரும்பப் பெற அறிவித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் 2018இல் ஒன்றுதிரண்டார்கள். படுக்கையறையில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் பலர். அவர்கள் கேட்டது பணமல்ல, ஒரு சோதனை முறை. அதுவரை இருந்த முறையில், அலுமாரியை வெறுமையாக வைத்து, ஒரே ஒரு லாச்சியைத் திறந்து அதில் 50 இறாத்தல் எடையைத் தொங்கவிடுவார்கள், நின்றால் தேறியது. துணி நிறைந்த லாச்சிகள் எல்லாம் திறந்திருக்கும் உண்மை வீட்டுக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமில்லை. 2022 டிசம்பரில் ஸ்டர்டி என்ற சட்டம் வந்தது. 2023 செப்டெம்பர் 1 முதல் அங்கே தயாராகும் துணி அலுமாரிகள் லாச்சிகள் திறந்து, துணிக்கான எடை நிரம்பி, 60 இறாத்தல் பிள்ளை ஏறினாலும் நிற்கவேண்டும். அந்தச் சோதனையில் அலுமாரியின் பின்பக்கத்தை ஒரு சென்ரிமீற்றர் அளவு உயர்த்தியும் வைக்கிறார்கள். தடித்த தரைவிரிப்பில் அலுமாரி முன்னால் சாய்வதைக் காட்டத்தான் அப்படிச் செய்கிறார்கள். 44 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்றால் ஏறத்தாழ 40க்கு 1. அமெரிக்கத் தரைவிரிப்பும் நம் லயத்துத் தரையும் ஒரே கணக்கில் வந்து நிற்பதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நம் ஊர்ப் பட்டறையில் பாஸ் செய்து தரும் அலுமாரிக்குச் சோதனைக்கூடம் எதுவும் இல்லை. பாஸ் நல்ல தொழிலாளி. மூட்டுகள் பத்து வருசம் அசையாது. ஆனால் பிள்ளை ஏறும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அலுமாரி மட்டுமல்ல, தன் காலிலேயே நிற்கிற எதுவும் இந்தக் கணக்குக்குள் வரும். 2023 நவம்பரில் வெல்லம்பிட்டியில் பாடசாலையொன்றில் தண்ணீர்க் குழாய்களைத் தாங்கியிருந்த சிறு சுவர் சரிந்து முதலாம் வகுப்புப் பிள்ளையொன்று உயிர் விட்டது. நாடே அழுதது. உயரம் கூடி, அடி ஒடுங்கி, பின்னால் எதோடும் பிணைக்கப்படாமல் நிற்பதுதான் ஆபத்து. அது செங்கல்லா பலகையா என்பது இரண்டாவது.

பிள்ளையின் உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரியவர்களின் உயரத்தில் தலை எட்டில் ஒரு பங்கு அளவுதான். பிறந்த பிள்ளைக்கு நான்கில் ஒன்று. இரண்டு, மூன்று வயதிலும் உடம்புக்குத் தலை பெரிது, கழுத்துத் தசை இளசு. அதனால் அடி தலையில் பட்டால் தாங்காது. விலா எலும்புகள் வளையும் தன்மையுள்ளவை; அவை முறியாமலே நெஞ்சு அமுங்கிவிடும். 40 கிலோ அலுமாரி மேலே கிடக்கும்போது மூச்சை உள்ளே இழுக்க நெஞ்சு விரியவேண்டும், அதற்கு வழியில்லை. மூச்சில்லாமல் கத்த முடியாது. விழுந்த சத்தம் கேட்காத தூரத்தில் தாய் இருந்தால், அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் வராது. சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். "அடுப்படியிலதான இருந்தேன், ஒரு அழுகை கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே" என்று எந்தத் தாயும் தன்னைக் குற்றம் சொல்லவேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பிள்ளை அழுதிருக்க முடியாது.

பழைய பெட்டி டீவிகள் இன்னும் பல வீடுகளில் உண்டு. புதுத் தட்டை டீவி வந்ததும் பழையது காம்பராவின் லாச்சி மேசைக்கு இடம் மாறும். அதன் முன்கண்ணாடி தடித்தது, எடையில் பெரும்பங்கு முன்னால்தான் இருக்கிறது. 21 அங்குல டீவி 20 கிலோவுக்கு மேல் போகும். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழ அதற்கு அரை விநாடி கூட வேண்டாம். தட்டை டீவி எடையில் குறைவு, ஆனால் பாதம் ஒடுங்கியது. வயரைப் பிடித்து இழுத்தாலே வந்துவிடும். பெட்டி டீவியை வைத்திருப்பதானால் தரையை ஒட்டிய பலகையில் வையுங்கள். இதில் மேலும் பேச ஒன்றுமில்லை.

தீர்வு சுவரில் இருக்கிறது. நம் கணக்கில் மிக மோசமான நிலையை எடுப்போம்: நான்கு லாச்சியும் திறந்து, பிள்ளை ஏறி, தரையும் சரிந்து இருக்கிறது. கவிழ்க்கும் பக்கம் 475. பிடிமானம் 280இலிருந்து 55 போக 225. கூடுதலாக இருப்பது 250. இதை அலுமாரியின் தலைப்பக்கத்தில், தரையிலிருந்து 100 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்து நிறுத்த வேண்டிய இழுவை, 250ஐ 100ஆல் வகுத்தால், இரண்டரைக் கிலோ. ஒரு பெரிய சீனிப் பொதியின் எடை. 40 கிலோ அலுமாரி கவிழாமல் இருக்க, அதன் உச்சியைச் சுவரோடு அவ்வளவு மெல்லப் பிடித்துக்கொண்டால் போதும். ஆனால் பிடி இறுக்கமாக இருக்கவேண்டும். கட்டு தளர்ந்திருந்தால் அலுமாரி முதலில் சாய்ந்து வேகமெடுத்து, பிறகு திடீரென்று வெட்டி இழுக்கும். அந்த வெட்டு இரண்டரைக் கிலோ அல்ல, பல மடங்கு. அதனால் எல் வடிவ இரும்புத் துண்டு, நல்ல இஸ்குரு ஆணி, சுவருக்குள் ரோல் பிளக். ஹார்ட்வெயார் கடையில் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

ரோல் பிளக் என்ற பெயரைச் சொன்னதால் ஒன்று. ஜோன் ரோலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் 1911 அளவில், லண்டனில் பிரித்தானிய நூதனசாலையின் சுவர்களைப் பெரிதாக உடைக்காமல் மின்சாரச் சாமான்களைப் பொருத்தவேண்டி வந்தபோது, சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் செய்த சிறு குழாய் அது. இஸ்குரு ஆணி உள்ளே போகப் போகக் குழாய் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். இப்போது நைலோனில் வருகிறது. ரோலிங்ஸின் பெயர்தான் நம் கடைகளில் ரோல் பிளக்காக நிற்கிறது.

ஆனால் அவருடைய குழாய்க்குச் சுவர் என்று ஒன்று வேண்டும். பழைய லயச் சுவர்கள் பல, கருங்கல்லைச் சுண்ணாம்போ மண்ணோ வைத்துக் கட்டியவை. துளையிட்டால் கல்லில் பட்டு வழுக்கும், அல்லது மண்ணில் இறங்கிப் பொடியாகக் கொட்டும். ஆணியைக் கையால் இழுத்தாலே வந்துவிடுகிற சுவரில் அலுமாரியைக் கட்டுவது கட்டாமல் விடுவதை விட மோசம், வீட்டார் நம்பிவிடுவார்கள். அங்கே ஒரு ரீப்பைக் கட்டையைக் குறுக்காக வைத்து, கல்லோ உறுதியான சாந்தோ அகப்படும் நான்கைந்து இடங்களில் தனித்தனியாகப் பிடித்து, அலுமாரியை அந்த ரீப்பையில் இறுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கூரைச் சட்டத்திலிருந்து ஒரு கட்டை இறக்கலாம். இந்திய உதவித் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியோடு வந்த புது வீடுகளில் சிமெந்துக் கல் சுவர். கல்லின் நடுவே வெற்றிடம் இருந்தால் பிளக் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். கல்லின் திடமான பகுதியில் துளையிடவேண்டும். தட்டிப் பார்த்தாலே சத்தம் சொல்லிவிடும்.

அலுமாரிப் பக்கமும் கவனிக்கவேண்டும். முதுகில் அடித்திருக்கும் மெல்லிய ஹார்ட்போர்டில் ஆணி அடித்தால் கடதாசியில் குத்தியது போலத்தான். மேல்சட்டத்தின் கனமான பலகையில்தான் பிடிக்கவேண்டும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டிகளை நம்பவேண்டாம். 2022 நவம்பரில் அமெரிக்காவில் அப்படியான ஏறத்தாழ ஒரு கோடிக் கட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பிளாஸ்டிக் நாளடைவில் காய்ந்து முறிகிறது என்பது காரணம். நம் ஈரக் குளிருக்குத் துருப்பிடிக்காத ஆணி நல்லது.

சென்ற மாதம் ஒரு லயத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவின் மகனுக்கு இரண்டு வயது முடியவில்லை. பகலில் பிள்ளை மடுவத்தில் இருப்பான், மாலையில் அவர் கொழுந்து நிறுத்து வந்ததும் வீட்டுக்கு வருவான். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "செவத்துல ஓட்ட போட்டா தொர ஏசுவாரா தம்பி?"

அந்தக் கேள்விக்கு இயற்பியலில் பதிலில்லை. தலைமுறை தலைமுறையாக இருந்தும் சுவர் தோட்டத்தின் சுவர். குடியிருப்பவர் ஆணி அடிக்கக் கூடக் கேட்கவேண்டும் என்று நினைக்கிற இடத்தில், பிள்ளையின் உயிருக்கான நான்கு துளைகளுக்கு அனுமதி வாங்கிக் கொடுப்பது சங்கத் தலைவர்களும் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர்களும் ஒரே கடிதத்தில் செய்யக்கூடிய காரியம். லயம் முழுவதற்கும் ஒரே நாளில், ஒரே ட்ரில் மெஷினில் முடித்துவிடலாம். பிள்ளை மடுவத்துச் சாமான் அலுமாரியிலிருந்து தொடங்கலாம்.

விழுந்துவிட்டால் செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பாரத்தைத் தூக்குங்கள். பிள்ளையை வாரி எடுத்துக் குலுக்கவேண்டாம், கழுத்தை அசைக்கவேண்டாம். மூச்சு இருக்கிறதா பாருங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. அழுது ஓய்ந்து விளையாடத் தொடங்கினாலும், பிறகு வாந்தி, மயக்கம், வழக்கமில்லாத தூக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு. கண்டிக்குப் போகும் பாதையின் வளைவுகள் நமக்குத் தெரியும். காத்திருந்து பார்க்கும் நேரம் அந்தப் பாதையிலேயே போய்விடும்.

அந்த அக்காவிடம், துரையிடம் நான் பேசுகிறேன் என்றேன். பாஸ் சனிக்கிழமைதான் வருவார். அன்று செவ்வாய். அக்கா கொஞ்ச நேரம் அலுமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூன்று லாச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, துணிகளை ஒரு சாக்கில் கட்டினார். மேலே இருந்த பிஸ்கட் டின்னை எடுத்து மகன் கையிலேயே கொடுத்தார்.